வெயில் பக்கம்

கோடைகால நேரத்துக்காக ஊரே கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறே முக்கால்.

மார்லிஸ் வண்டியை நிறுத்தி இறங்கினாள். கையுறையைக் கழற்றினாள். பாதை தொடங்கும் இடத்தில் மண்டியிட்டுக் கட்டைவிரலை மண்ணில் வைத்து அழுத்தினாள். விரல்தான் வலித்தது. மண் அசையவில்லை.

நல்லது.

மார்ச் மாதத்தில் ஸ்டோர்லி வனப்பூங்காவின் சைக்கிள் பாதைக்கு ஒரே ஒரு சட்டம்தான். இரவில் மண் உறையும், பகலில் இளகும். உறைந்திருக்கும் வரை ஓட்டலாம். கட்டைவிரலின் நகம் முழுகும் அளவுக்கு இளகிவிட்டால் பாதையை மூடிவிட வேண்டும். இளகிய மண்ணில் ஒரே ஒரு சைக்கிள் போனாலும் டயர் ஒரு வாய்க்காலை விட்டுப் போகும். அடுத்த மழை அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும். மூன்று கோடைக்காலம் வெட்டிய பாதையை ஒரு பிற்பகல் தின்றுவிடும்.

சட்டத்தை எழுதியவள் மார்லிஸ். வாசலில் தொங்கும் பலகையைப் பச்சைக்கும் சிவப்புக்கும் திருப்பிவைக்கிறவளும் அவள்தான். வாரநாட்களில் அவள் சீஸ் ஆலையில் பாலைச் சோதிக்கிறாள். மற்ற நேரமெல்லாம் இந்தப் பாதை.

ஏழு மைல். ஒரு ஆள் போகும் அகலம். ஆறரை மைல் மலையின் வடக்குச் சரிவில், ஓக் மரங்களின் நிழலில், ஏறி இறங்கி வளைந்து போகும். பிறகு முகடு. முகட்டைத் தாண்டியதும் கடைசி அரை மைல் தெற்கே இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். அதற்கு வெயில் பக்கம் என்று பெயர். அங்கே மரம் கிடையாது. புல்தான். அந்தப் புல்லில் அரிய பூச்செடிகள் இருப்பதால் பாதையை விட்டு ஒரு அடிகூட வெளியே வைக்கக் கூடாது என்பது பூங்காவின் நிபந்தனை. முதலில் இளகுவதும் அந்தப் பக்கம்தான்.

ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்கு முகடு. எட்டே முக்காலுக்குக் கீழே. ஒன்பதரை வரை வெயில் பக்கம் தாங்கும். வெண்டல் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

வண்டியின் பின்புறத்திலிருந்து இரண்டு சைக்கிள்களை இறக்கினாள். ஒன்று அவளுடையது. இன்னொன்றை ஓக் மரத்தில் சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, வேறு மரத்தில், சாலையிலிருந்து வருகிறவன் கண்ணில் முதலில் படுகிற மாதிரி சாய்த்தாள்.

வியாழக்கிழமை அவனிடமிருந்து செய்தி வந்திருந்தது. ஆறு வருடத்தில் நான்காவது செய்தி. அம்மாவின் வீடு விலைபோய்விட்டது, கையெழுத்துப் போட வந்திருக்கிறேன், ஞாயிறு மூன்று மணிக்கு மினியாபொலிஸில் விமானம், அதற்கு முன்னால் நம் பாதையை ஒரு முறை முழுசாகப் போகலாமா என்று கேட்டிருந்தான். அவள் அதை அடுப்பின் முன்னால் நின்றபடி படித்தாள். ‘நம்’ என்று எழுதியிருந்தான். அடுப்பில் இருந்தது தீய்ந்தது.

பாதையை வெட்டியது இருவரும்தான். வெண்டல் கோடு பார்க்கிறவன். கம்பியில் கட்டிய சின்னக் கொடிகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு காட்டுக்குள் நடப்பான். தண்ணீர் எங்கே ஓடும், சக்கரம் எங்கே போக ஆசைப்படும் என்று நின்று நின்று பார்த்து ஒவ்வொரு கொடியாக ஊன்றுவான். மார்லிஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வருவாள். மூன்று கோடைக்கு எல்லாச் சனி ஞாயிறும் இப்படித்தான் போனது. இருவருக்கும் இடையில் என்ன என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தை யார் கேட்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மூன்றாவது கோடை முடிந்து இலை உதிரும்போது அவனுக்கு அரிசோனாவில் வேலை கிடைத்தது. பாலைவனத்தில் பாதை போடும் வேலை. “நீயும் வாயேன்” என்றான். வெயில் பக்கத்தில் நின்றுகொண்டுதான் கேட்டான். கடைசி அரை மைலுக்குக் கொடி ஊன்றி முடித்திருந்தான். “இது முடியட்டும்” என்றாள் அவள். அவன் சரி என்றான். நவம்பரில் போய்விட்டான். கொடிகள் குளிர்காலம் முழுக்கப் பனியில் நின்றன.

அடுத்த கோடையில் அவளும் இன்னும் சிலரும் அந்த அரை மைலை வெட்டி முடித்தார்கள். வெண்டல் அதைப் பார்த்ததில்லை.

ஏழு மணி ஆயிற்று. ஏழு பத்து ஆயிற்று. பக்கத்து நகரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்து சைக்கிள்களை இறக்கினார்கள்.

“முகட்டுக்குப் போனதும் மண்ணைத் தொட்டுப் பாருங்க” என்றாள் மார்லிஸ். “இளகியிருந்தா அந்தப் பக்கம் எறங்காதீங்க. வந்த வழியே திரும்பிடுங்க.”

“கொஞ்சமா இளகியிருந்தா?” என்றான் அந்த ஆள்.

“கொஞ்சம்னு ஒண்ணு கெடையாது.”

அவர்கள் போனார்கள்.

ஏழு இருபதுக்கு ஆர்லன் வந்தார். எழுபதைத் தாண்டியவர். பாதையில் விழும் மரங்களை அறுத்து விலக்குகிறவர் அவர்தான். வண்டியின் பின்னால் வாளிகள் கடகடத்தன. மேப்பிள் மரங்களில் இனிப்புச் சாறு இறக்க வாளி கட்டும் பருவம்.

“என்ன தாயே, சைக்கிள் ரெண்டு நிக்குது, ஆள் ஒண்ணுதான் நிக்குது?”

“வருவான்.”

“ஏழு மணின்னு சொன்னதா ஞாபகம்.”

“வருவான் ஆர்லன்.”

“வருவான், வருவான். வந்தாலும் கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டுத்தான் வருவான். அவங்க அம்மா வீட்டுக்கே ஒரு வாரம் சேந்தாப்ல வந்ததில்ல.” அவர் பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றி அவளிடம் நீட்டினார். “ராத்திரி நல்லா உறைஞ்சுது. இனி நல்லா உருகணும். ரெண்டும் நடந்தாத்தான் எனக்கு மரத்துல சொட்டும்.”

“எனக்கு உறைஞ்சா போதும்.”

“வேணும்னா சூரியனக் கயிறு போட்டு இழுத்துக் கட்டட்டுமா?”

அவள் போனில் வெண்டலைக் கூப்பிட்டாள். மணி அடிக்காமலே குரல்பதிவுக்குப் போயிற்று. மூன்றாவது முறையும் அப்படியே. மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் ஏறிவந்தது. ஆற்றுப் பக்கம் கொக்குகள் கத்தின. தெற்கேயிருந்து இந்த வாரம்தான் திரும்பியிருந்தன. வருடா வருடம் நாள் தவறாமல் வருகிறவை.

எட்டு நாலுக்கு ஒரு வெள்ளை வாடகைக் கார் வந்து நின்றது. வெண்டல் ஒரு கையில் இரண்டு காப்பிக் கோப்பைகளும் பல்லில் கடித்த காகிதப் பையுமாக இறங்கினான். தாடி பாதி நரைத்திருந்தது. மற்றபடி அவனேதான்.

பையைக் கையில் எடுத்துக்கொண்டு, “நாலு நிமிஷம் லேட்டு” என்றான். “பெட்ரோல் பங்க்ல டோனட் சூடா இருந்துச்சு. கோச்சுக்காத.”

மார்லிஸுக்குப் புரியவில்லை. ஆர்லனுக்குத்தான் முதலில் புரிந்தது.

“இப்ப மணி என்னப்பா?” என்றார்.

“ஏழு அஞ்சு.”

“அரிசோனாவுல கடிகாரத்த மாத்த மாட்டாங்க, இல்ல?”

வெண்டல் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான்.

“இன்னிக்கா அது?”

“இன்னிக்குத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு.”

“அம்மாவோட அலாரம் கடிகாரத்துல ஆறுன்னு வெச்சுட்டுப் படுத்தேன்.” அவன் காப்பிக் கோப்பைகளைக் காரின் மேல் வைத்தான். “கார்ல எட்டுன்னு காட்டுச்சு. வாடகைக் காருதானே, எவனோ தப்பா வெச்சிருக்கான்னு நெனச்சேன்.”

“போன்?” என்றாள் மார்லிஸ். அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“அணைச்சு கார்லயே போட்டுட்டேன். அம்மா வீடு இருக்கற பள்ளத்துல சிக்னலே கெடையாது, உனக்குத் தெரியாதா.”

“ஆறு வருஷம் வெளிய இருந்தா இந்த ஊருக்கு ஒரு மணி உண்டுங்கறதே மறந்துடுது” என்றார் ஆர்லன்.

மார்லிஸ் வானத்தைப் பார்த்தாள். கிழக்கே ஒரு மேகம் இருந்தது.

“மேகம் இருக்கு” என்றாள். “தாங்கும்.”

ஆர்லன் அந்த மேகத்தைப் பார்த்தார். அது ஒரு கைக்குட்டை அளவுதான் இருந்தது.

“ஊருக்குத்தான் உபதேசமா?” என்றார் மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு சத்தமாக, “பலகைய நான் பாத்துக்கறேன். வெயில் பக்கம் வந்து முடியற இந்தக் கோடியில வெரல் முழுகிச்சுன்னா திருப்பிடுவேன். உனக்குன்னு ஒரு நிமிஷங்கூடக் கூட்டித் தர மாட்டேன், சொல்லிட்டேன்.”

“வேண்டாம்” என்றாள்.

வெண்டல் இதற்குள் சைக்கிளைப் பார்த்துவிட்டிருந்தான். கிட்டே போய்க் கைப்பிடியைத் தொட்டான்.

“இது என்னோடது.”

“ஷெட்ல கெடந்துச்சு.”

“டயர் புதுசு.”

“பழசு வெடிச்சுடுச்சு.”

ஓட்டாத சைக்கிளில் டயர் எப்படி வெடிக்கும் என்று அவன் கேட்கவில்லை. பெடலைக் கையால் சுற்றினான். சங்கிலி சத்தமில்லாமல் ஓடியது. ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் அதைக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு மாட்டினாள். இருக்கையின் உயரத்தை மாற்றவே இல்லை. அவன் ஏறி உட்கார்ந்தான். கால் சரியாக எட்டியது.

“நீ முன்னால போ” என்றாள்.

உறைந்த பாதைக்கு ஒரு சத்தம் உண்டு. டயருக்கு அடியில் மண்ணுக்குள் ஊசி ஊசியாக நிற்கும் பனி நொறுங்கும். வறுத்த பொரியைப் பல்லில் கடிப்பது போல. அந்தச் சத்தம் முன்னாலும் ஒன்று பின்னாலும் ஒன்றுமாகக் காட்டுக்குள் போயிற்று.

பின்னால் போகிறவருக்கு ஒரே வேலைதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். அது எங்கே போகிறதோ அங்கே போக வேண்டும். மார்லிஸ் இந்தப் பாதையில் ஆயிரம் தடவைக்குக் குறையாமல் போயிருப்பாள். முன்னால் யாரும் இருந்ததில்லை. ஆனாலும் முன்னால் ஒருவன் போவதற்கான இடத்தை அவள் ஒவ்வொரு தடவையும் விட்டுத்தான் ஓட்டினாள்.

அவன் மறக்கவில்லை. வளைவு கண்ணுக்குத் தெரியும் முன்பே அவன் தோள் அந்தப் பக்கம் சாய்ந்தது. வேர்கள் குறுக்கே ஓடும் இடத்தில் எழுந்து நின்றான். இரண்டு ஓக் மரங்களுக்கு நடுவே கைப்பிடி நுழையுமளவு மட்டும் இடைவெளி விட்டிருந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கவே இல்லை. ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கினான்.

“பாலைவனத்துல மேடு கெடையாதா?” என்று பின்னாலிருந்து கேட்டாள்.

“இருக்கு. ஆனா பின்னால நின்னு நக்கலடிக்க ஆள் கெடையாது. அதனால மெதுவாப் போவேன்.”

நாலாவது மைலில் ஒரு மேட்டில் இறங்கி நின்றார்கள். காட்டுக்குள் அங்கே மட்டும்தான் போனுக்கு உயிர் வரும். அவள் பையிலிருந்து சீஸ் துண்டுகளை எடுத்தாள். முந்தின நாள் மாலை ஆலைக்குப் போய் வாங்கி வந்தது. அவன் ஒன்றை வாயில் போட்டான். புது சீஸ், பல்லில் கிறீச்சிட்டது. கண்ணை மூடிக்கொண்டான்.

“அங்க சீஸுன்னு ஒண்ணு விக்கறான். ரப்பர்.”

“இன்னும் எடு.”

“தனியாத்தான் இருக்கியா?” என்றான் அவன், மென்றுகொண்டே.

“பூனை செத்துப் போச்சு. நீ?”

“ஒரு நாய் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரி பாத்துக்கறா.”

“நல்லவளா?”

“யாரு?”

“பக்கத்து வீட்டுக்காரி.”

“நாய்க்கு அவளப் பிடிக்கும்.” அவன் சிரித்தான். “எண்பத்திரண்டு வயசு. பிஸ்கட்ட அள்ளிப் போட்டு அதக் குண்டாக்கிட்டா.”

மார்லிஸ் சீஸ் பையின் வாயைத் தேவைக்கு மேல் கவனமாகக் கட்டினாள். அப்போதுதான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஆர்லன். எட்டு ஐம்பத்தேழுக்கு அனுப்பியிருந்தார். சிவப்பாக்கிவிட்டேன், நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருந்தார்.

அவள் கணக்குக்கு அரைமணி நேரம் முன்னால். காற்று இல்லாத நாள். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்க வேண்டியவள் அவள்தான்.

“யாரு?” என்றான் வெண்டல்.

“ஆர்லன். மரத்துல நல்லா சொட்டுதாம்.”

போனை உள்ளே வைத்துக்கொண்டாள்.

அடுத்த இரண்டரை மைல் அவள் எதையும் பார்க்கவில்லை. அவனுடைய பின்சக்கரத்தை மட்டும் பார்த்தாள். நிழலில் மண் இன்னும் இறுகியே இருந்தது. ஒவ்வொரு முறை டயருக்குக் கீழே பனி நொறுங்கும்போதும் பார், இன்னும் உறைந்திருக்கிறது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். முகட்டிலாவது காற்று இருக்கலாம். மேகம் பெருத்திருக்கலாம். ஆர்லன் நின்ற கோடி மலையின் அடிவாரம். மேலே குளிர் அதிகம். ஏமாற வேண்டும் என்று நினைத்துவிட்டால் காரணத்துக்கா பஞ்சம்.

ஒன்பதே முக்காலுக்கு முகட்டில் ஏறினார்கள். வெயில் முகத்தில் அடித்தது.

வெண்டல் சைக்கிளிலிருந்து இறங்கினான். தெற்குச் சரிவு முழுக்கப் பழுப்புப் புல். புல்லுக்கு நடுவே பாதை இறங்கிப் போய், முதல் வளைவில் ஒரு பாறைத் தோளைச் சுற்றி மறைந்தது. பாதையின் மண் கறுத்திருந்தது. அதிலிருந்து மெலிதாக ஆவி எழுந்தது. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது.

“என் கோட்டுலயே வெட்டிட்டியா?” என்றான்.

“பூங்காக்காரங்க கீழ ஒரு சுலபமான கோடு சொன்னாங்க. நாங்க கொடி பக்கமே வெட்டினோம்.”

“ஏன்?”

“நல்ல கோடு.”

அவன் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தான். “பாறையைச் சுத்தினதும் சட்டுனு ஒரு இறக்கம் வரும். அதுல பிரேக்கே தொடக் கூடாதுன்னு நெனச்சு வெச்சேன். அப்படியே ஆறு தெரியும்.”

“தெரியும்.”

“பிரேக் பிடிக்கறியா?”

“பிடிக்கறதில்ல.”

அவள் மண்டியிட்டாள். விரலை வைத்ததும் போயிற்று. நகம் முழுகியது. முதல் கணு வரை முழுகியது. வெளியே எடுத்தபோது குழியில் தண்ணீர் ஊறியது.

“ஆச்சா?” என்றான்.

“ஆச்சு.”

“எல்லாம் என்னாலதான்.”

“அலாரம் கடிகாரத்தால.”

“பரவால்ல விடு.” அவன் கைப்பிடியைத் திருப்பினான், வந்த வழியைப் பார்த்து. “கோடையில ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. உன் தலைக்கவசத்துல காமிராவ மாட்டிக்கிட்டு எறங்கு. நான் பாத்துக்கறேன்.”

ரொம்ப இயல்பாகச் சொன்னான். அனுப்பினால் பார்ப்பான் என்பதும் நிச்சயம். பார்த்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று ஒரு வரி எழுதுவான். ஐந்தாவது செய்தி.

மார்லிஸ் சைக்கிளில் ஏறினாள்.

“வா” என்றாள்.

“மார்லிஸ்.”

“வான்னு சொல்றேன்ல.”

அவள் முகட்டிலிருந்து இறங்கினாள். முதல் சுற்று உருளும்போதே தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை. நொறுங்க ஒன்றும் இல்லை. முன்சக்கரம் வெண்ணெயில் போவது போல அமிழ்ந்தது. அவள் பெடலை அழுத்தினாள். பின்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி, பாதையின் விளிம்பைக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு, மறுபடி நடுவுக்கு வந்தது. இன்னும் அழுத்தினாள். பாறைத் தோள் முப்பது அடி தூரத்தில் இருந்தது. அதைத் தாண்டிவிட்டால் அவனும் வந்துதான் ஆக வேண்டும்.

பின்னால் எந்தச் சத்தமும் வரவில்லை. அவன் ஏறவே இல்லை.

“எறங்கு” என்றான் வெண்டல். சத்தமாகச் சொல்லவில்லை. “போதும், எறங்கு. நீயா இப்படி?”

நின்றாள். காலை ஊன்றியதும் பூட்ஸின் அடி முழுக்க மண்ணுக்குள் போயிற்று. திரும்பிப் பார்த்தாள். முகட்டிலிருந்து அவள் வரைக்கும் இரண்டு கோடுகள். சில இடங்களில் ஒன்றாகவும் சில இடங்களில் பிரிந்தும். ஒரு விரல் ஆழம். மேலிருந்து ஒரு சின்னத் தண்ணீர்ச் சரடு அதற்குள் வழி கண்டுபிடித்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

இதில் பாதி செய்ததற்குப் போன வருடம் ஒரு கல்லூரிப் பையனை வாசலிலேயே நிறுத்தி, அவன் முகம் சிவக்கும் வரை பேசியிருந்தாள்.

வெண்டல் சைக்கிளைக் கீழே போட்டான். பாதையின் மேல் ஓரத்தில் தலைநீட்டிய கற்களில் மட்டும் கால் வைத்து, புல்லை மிதிக்காமல், நாரையைப் போல இறங்கி வந்தான். அவள் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அதேபோல் ஏறினான். அதை வைத்துவிட்டு மறுபடி வந்தான். கையுறைகளைக் கழற்றிப் பையில் செருகினான்.

இருவரும் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து, குனிந்து, வாய்க்காலின் இரு கரைகளையும் உள்ளங்கையால் தள்ளி மூடினார்கள். மண் பனிக்கட்டி போலச் சில்லென்றிருந்தது. மூடி, மேலே தட்டி, குறுக்கே ஒரு சின்னச் சரிவு கொடுத்து, தண்ணீரைப் புல் பக்கம் திருப்பிவிட்டார்கள். சொல்லிக்கொள்ளாமலே அவன் மேலிருந்தும் அவள் கீழிருந்தும் தொடங்கியிருந்தார்கள். அந்த மூன்று கோடையிலும் அப்படித்தான் வேலை செய்தார்கள்.

“ஆர்லன் செய்தி மரத்தப் பத்தி இல்ல” என்றாள் அவள், தலை நிமிராமல்.

“தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது. காது செவந்துடும்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“நானும் எறங்கிப் பாத்துடணும்னுதானே நெனச்சேன்.”

அவள் இன்னொரு பிடி மண்ணைத் தள்ளித் தட்டினாள்.

“நீ இன்னொரு தடவ கேப்பேன்னு நெனச்சேன்” என்றாள். “அன்னிக்கு. இங்கதான் நின்னுக்கிட்டிருந்த.”

அவன் கை நின்றது.

“நீயா சொல்லுவேன்னு நான் நெனச்சேன்” என்றான். “நவம்பர் வரைக்கும் நெனச்சேன். பொட்டி கட்டறப்பக்கூட.”

“கோடையில முடிச்சுட்டோம். ஜூலையில.”

“முடிஞ்சுதுன்னு எழுதினியே.”

“எழுதினேன்.”

“அவ்வளவுதான் எழுதின. ‘முடிஞ்சுது’ன்னு. ஒரே வார்த்தை.”

அந்த ஒரு வார்த்தையை அனுப்புவதற்கு முன் அவள் இரண்டு பக்கம் எழுதி அழித்தாள். அதை இப்போது எப்படிச் சொல்வது.

நடுவில் வந்து சந்தித்தார்கள். கடைசி ஒரு சாண் பள்ளத்தை நாலு கையும் சேர்ந்து மூடின. அவன் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. பாலைவனத்தின் கை. குளிரை மறந்துவிட்டது. அவள் அதைப் பிடித்துத் தேய்த்துவிடலாம் என்று நினைத்தாள். அவன் எழுந்து கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

முகட்டுக்கு ஏறினார்கள். வெண்டல் மணிக்கட்டைப் பார்த்தான். மனசுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொள்வது தெரிந்தது.

“வடக்கால திரும்பினா ஒரு மணி நேரம் ஆகுமா?”

“ஆகும்.”

“பதினொண்ணுக்குக் கார எடுத்தாத்தான் விமானத்தப் பிடிக்க முடியும்.” அவன் தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். “வீட்டுச் சாவிய போற வழியில தபால்பெட்டியில போடணும். அதோட சரி. இனிமே இந்த ஊருக்கு வர்றதுக்கு எனக்குன்னு ஒண்ணும் இல்ல.”

சொன்ன பிறகு அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

“சைக்கிள நீயே வெச்சுக்க” என்றான். “யாராவது கேட்டா குடுத்துடு.”

அவள் தலைக்கவசத்தின் வாரை மாட்டப் பார்த்தாள். விரல் மரத்துப்போய்க் கொக்கி நழுவியது. மறுபடி மாட்டினாள். அவன் பெடலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கிளம்பாமல், பாறைத் தோளைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆவி அங்கே இப்போது நன்றாக எழுந்தது. பாதை போய் மறையும் இடம் தெளிவில்லாமல் ஆடியது.

“ஒரே ஒரு தடவ எறங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்” என்றான்.

ஆறு வருடம் அவள் இந்த முகட்டில் நின்று இதைவிட நல்ல வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

“ராத்திரி வானம் தெளிவா இருக்குமாம்” என்றாள். “நாளைக்கு ஏழு மணிக்கு இது கல்லு மாதிரி இறுகிக் கெடக்கும். அப்ப நீ எங்க இருப்ப, வெண்டல்?”